ஓடும்போது நன்றாக ஓடுது… நிறுத்தினால் கிளம்ப மாட்டேங்குதே! - சூடான இன்ஜின் ஏன் அடம்பிடிக்கிறது?

சித்திரை மாதத்து மதியம் ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்வோம். கண் ஆபரேஷன் முடிந்த அம்மாவை ராயபுரத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டு, மீஞ்சூர் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார் ஒரு மகன். பின் சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு அம்மா. பன்னிரண்டு வருடம் ஓடிய பெட்ரோல் கார். மணலி புதுநகரைத் தாண்டி வல்லூரை நெருங்கும்போது முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் டிரெய்லர்கள். எல்லாம் துறைமுகத்துக்குப் போகிறவை. முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி பிரேக் என்று அரை மணி நேரம் ஊர்ந்தாயிற்று. ஏ.சி-யும் ஓடுகிறது.

வழியில் மெடிக்கல் ஷாப்பைப் பார்த்ததும் அம்மாவுக்குச் சொட்டு மருந்து வாங்க வண்டியை ஓரம் கட்டுகிறார். அப்படியே இரண்டு பாக்கெட் மோர். மொத்தம் பத்து நிமிடம்தான். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது. ஆனால், இன்ஜின் பிடிக்கவில்லை. இன்னொரு முறை, இன்னும் ஒரு முறை… ஊஹூம்!

“போன மாசம்தானேப்பா புது பேட்டரி போட்டே?” என்கிறார் அம்மா.

அதுதான் மகனுக்கும் புரியவில்லை. போன மாதமும் இதே மாதிரி நின்றது. யாரோ “பேட்டரி வீக்” என்றார்கள், மாற்றியாயிற்று. காலையில் வீட்டில் ஒரே திருப்பில் கிளம்பிய வண்டி இது. வழியெல்லாம் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. பத்து நிமிடம் ஓய்வு கொடுத்ததற்கா இந்தக் கோபம்?

வண்டி வைத்திருக்கும் பல குடும்பங்களுக்கு இது பழகிய அவஸ்தைதான். குளிர்ந்த இன்ஜின் கிளம்பத் தகராறு செய்வது எல்லோருக்கும் தெரியும். சூடான இன்ஜின் ஏன் தகராறு செய்கிறது என்பது பலருக்குப் புதிர். அந்தப் புதிருக்கு விடை தெரிந்தால், தேவையில்லாமல் பேட்டரி மாற்றும் செலவு மிச்சம். டிரெய்லர்கள் பறக்கிற சாலையில் முதியவர்களோடும் குழந்தைகளோடும் தவித்து நிற்கும் நிலையையும் தவிர்க்கலாம்.

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடும்!

தோசை வார்த்து முடித்து அடுப்பை அணைத்த பிறகு கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ‘சுர்’ரென்று ஆவியாகும். தீ அணைந்துவிட்டது, சூடு அணையவில்லை. கார் இன்ஜினிலும் இதுதான் நடக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் கூலன்ட் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸில் சுற்றிக்கொண்டிருக்கும். சிலிண்டர் ஹெட்டின் உட்பகுதியும் சைலன்ஸருக்குப் போகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதைவிட மிக அதிகச் சூடு. வாட்டர் பம்ப் கூலன்ட்டைச் சுழற்றிக்கொண்டே இருப்பதாலும், ரேடியேட்டர் வழியாகக் காற்று போய்க்கொண்டே இருப்பதாலும்தான் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது.

சாவியைத் திருப்பி அணைத்த நொடியில் வாட்டர் பம்ப் நின்றுவிடுகிறது. காற்றோட்டமும் போய்விடுகிறது. ஆனால், அந்தக் கனமான இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்திருக்கும் சூடு எங்கேயாவது போயாக வேண்டுமே? மெல்ல வெளியே கசிந்து, பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் சூடாக்குகிறது. பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்டர், செல்ஃப் மோட்டார், சென்சார்கள், ஒயர்கள் எதுவும் தப்பாது. வண்டி ஓடும்போது இருந்ததைவிட, நிறுத்தி ஐந்து முதல் இருபது நிமிடங்களில்தான் இந்தப் பாகங்கள் அதிகம் சூடாகின்றன. இதை மெக்கானிக்குகள் ‘ஹீட் சோக்’ என்பார்கள்.

இப்போது புதிரின் பாதி விடுபடும். ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் வண்டி கிளம்பும், ஏனென்றால் சூடு இன்னும் பரவவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தாலும் கிளம்பும், ஏனென்றால் எல்லாம் ஆறிவிட்டது. டீ குடிக்கும் நேரம், மருந்து வாங்கும் நேரம், பெட்ரோல் பங்க்கில் நிற்கும் நேரம்தான் சிக்கல். ஆறுவதற்காகக் கொடுத்த அந்த ஓய்வே இந்தப் பாகங்களுக்குச் சூடேறும் நேரமாகிவிடுகிறது.

வல்லூர்க்காரர்களுக்கு இந்த விஷயம் வேறொரு விதத்தில் அறிமுகமானதுதான். அங்குள்ள 1,500 மெகாவாட் அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் திறன் கொண்ட மூன்று யூனிட்டுகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட பெரிய நீராவி டர்பைனை நிறுத்தினால் அப்படியே விட்டுவிட மாட்டார்கள். சூடான சுழல்தண்டு ஒரே நிலையில் நின்றால் மேல்பாதியும் கீழ்பாதியும் வெவ்வேறு வேகத்தில் ஆறி, தண்டு லேசாக வளைந்துவிடும். அதனால், ஆறும்வரை தனி ஏற்பாடு செய்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். மறுபடி கிளப்பும்போதும் எவ்வளவு சூட்டிலிருந்து கிளப்புகிறோம் என்பதைப் பொறுத்து ‘ஹாட் ஸ்டார்ட்’, ‘வார்ம் ஸ்டார்ட்’, ‘கோல்டு ஸ்டார்ட்’ என மூன்று விதமான நடைமுறைகள் உண்டு. சூடான இயந்திரத்தைக் கிளப்புவது தனிக்கலை என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அன்றாடப் பாடம்.

எண்ணூரில் கார் செய்த காலம்

வடசென்னைக்கும் கார் இன்ஜினுக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் செய்தது லாரியும் பஸ்ஸும் அல்ல. இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 என்ற கார்களைத்தான் பாகங்களாக இறக்கிப் பூட்டினார்கள். 1955-ல்தான் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே ஆண்டில் ‘மெட்ராஸ் மோட்டார்ஸ்’ நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கைகோத்தது. அதன் பிறகு திருவொற்றியூரிலிருந்து புல்லட் பைக்குகள் வர ஆரம்பித்தன. இன்று எண்ணூரின் காமராஜர் துறைமுகத்திலிருந்து புத்தம்புது கார்கள் கப்பலேறி வெளிநாடு போகின்றன.

குளிர்தேசத்தில் வடிவமைத்த அந்தக் காலத்து கார்களுக்கு நம்மூர் வெயில் பெரிய சோதனை. அதற்குக் காரணம் பெட்ரோலின் குணம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலுக்கு அப்படி ஒரே கொதிநிலை கிடையாது. அது பல நூறு வகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. லேசானவை சுமார் 35 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். கனமானவை 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். பெட்ரோல் எவ்வளவு சுலபமாக ஆவியாகும் என்பதைச் சுத்திகரிப்பு ஆலைகள் அளந்து பார்த்துத்தான் வெளியே அனுப்பும். அந்தச் சோதனையைச் செய்யும் வெப்பநிலை 37.8 டிகிரி செல்சியஸ், அதாவது 100 டிகிரி ஃபாரன்ஹீட். சோதனைக்கூடத்தின் அந்தச் சூடு சென்னைக்குச் சாதாரண வெயில்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. வெளிக்காற்றே அப்படி என்றால் பானெட்டுக்கு அடியில் எப்படி இருக்கும்!

பழைய கார்களில் பெட்ரோல் பம்ப், இன்ஜினின் பக்கவாட்டிலேயே உட்கார்ந்திருக்கும். பின்னால் இருக்கும் டேங்க்கிலிருந்து நீளமான குழாய் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பிரஷர் குக்கரில் நடப்பதற்கு நேர்மாறானது இது. ஆக, சூடேறிய குழாயில் பெட்ரோல் கொதித்துக் குமிழியாகிவிடும். திரவத்தைத் தள்ளப் பிறந்த பம்ப், ஆவியை வெறுமனே அமுக்கி விட்டுக்கொண்டிருக்கும். ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் இளநீர் வராதல்லவா, அதே கதை. இதற்குப் பெயர் ‘வேப்பர் லாக்’. நம்மூரில் பலரும் ‘ஏர் லாக்’ என்றே சொல்வார்கள்.

அம்பாசடர், ஃபியட் காலத்து டிரைவர்கள் ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது ஒரு பழைய துணியையும் பாட்டில் தண்ணீரையும் கூடவே வைத்திருப்பார்கள். வண்டி நின்றால் துணியை நனைத்துப் பெட்ரோல் பம்ப்பின் மேல் போடுவார்கள். ஆவி மறுபடி பெட்ரோலாகக் குளிர்ந்து, வண்டி கிளம்பும். மலைமேல் போகப்போகக் காற்றழுத்தமும் குறைவதால், அங்கே பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் துணி காயப்போடும் மரக்கிளிப்புகளைப் பெட்ரோல் குழாயில் வரிசையாக மாட்டுவார்கள். அது எந்த அளவுக்குப் பலன் தந்தது என்பதில் இன்றும் விவாதம் உண்டு. ஈரத்துணி வைத்தியத்தின் பின்னால் இருப்பதோ சுத்தமான அறிவியல்.

கார்புரேட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டியை நிறுத்தியதும் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்துப் பொங்கி, இன்ஜினுக்குள் வழிந்துவிடும். பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் போல. உள்ளே பெட்ரோல் ஆவி நிறைந்து, எரிவதற்குத் தேவையான காற்று போதாமல் போகும். ‘ஓவர் ஃப்ளோ’ என்பது இதைத்தான். இந்த நேரத்தில் பதற்றத்தில் சோக் போட்டு, ஆக்ஸிலரேட்டரை அடித்து அடித்து மிதித்தால் இன்னும் பெட்ரோல் கொட்டும். நிலைமை மோசமாகும்.

இன்ஜெக்‌ஷன் கார் என்றால் தப்பிவிடலாமா?

இன்றைய கார்களில் பெட்ரோல் பம்ப், டேங்க்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அது உறிஞ்சுவதில்லை, தள்ளுகிறது. அதுவும் சுமார் 3 பார் அழுத்தத்தில். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். அதனால் வேப்பர் லாக் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆனால், முழுக்கப் போய்விடவில்லை. வண்டியை அணைத்த பிறகும் குழாயில் அந்த அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அதற்காகவே பம்ப்பில் பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒரு சின்ன வால்வு இருக்கும். அது தேய்ந்து அழுத்தம் இறங்கிவிட்டால், இன்ஜின் பக்கத்துக் குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிடும். அல்லது இன்ஜெக்டர் ஒன்று சொட்டுச் சொட்டாக ஒழுகினால், அழுத்தமும் போகும், சிலிண்டருக்குள் பெட்ரோலும் தேங்கும். எத்தனால் குறைந்த அளவில் கலக்கும்போது பெட்ரோல் ஆவியாகும் தன்மை சற்றுக் கூடுகிறது என்பதும் இங்கே நினைவில் வைக்க வேண்டியது. அதற்கேற்பவே ஆலைகளில் கலவையைச் சரிசெய்கிறார்கள்.

இந்த இடத்தில் வல்லூர்ச் சாலைக்குத் திரும்புவோம். பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஒரு மெக்கானிக் வருகிறார். பானெட்டைத் திறக்கும் முன்பே கேள்விகளை ஆரம்பிக்கிறார்.

“காலைல எடுக்கிறப்போ எப்படி சார் இருந்துச்சு?”

“ஒரே திருப்புல கிளம்பிடுச்சுண்ணே.”

“இப்போ எவ்ளோ நேரம் நிறுத்தினீங்க?”

“பத்து நிமிஷம் இருக்கும்.”

“செல்ஃப் அடிங்க, பார்ப்போம்.”

சுற்றுகிறது. மெக்கானிக் காது கொடுத்துக் கேட்கிறார். பிறகு சைலன்ஸர் பக்கம் போய் மோந்து பார்க்கிறார்.

“செல்ஃப் இவ்ளோ வேகமா சுத்துதுன்னா பேட்டரி நல்லா இருக்கு சார். பெட்ரோல் வாசனையும் இல்ல. இது வேற எங்கேயோ இடிக்குது.”

அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. சூடான வண்டி கிளம்பாததற்குக் காரணங்கள் பல. ஆனால், அவற்றை மூன்று பெரிய கூடைகளில் போட்டுவிடலாம்.

கூடை ஒன்று: செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது

‘கிர்… கிர்…’ என்று இழுத்து இழுத்துச் சுற்றினாலோ, ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தாலோ பிரச்னை மின்சாரத்தில். செல்ஃப் மோட்டாரில் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். செம்பு சூடானால் மின்தடை கூடும். 20 டிகிரியில் இருந்த சுருள் 100 டிகிரிக்குப் போனால் மின்தடை சுமார் 31 சதவிகிதம் கூடிவிடும். பல கார்களில் செல்ஃப் மோட்டார் எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதற்குச் சூடு அதிகம்.

நல்ல நிலையில் இருக்கும் வண்டி இதைச் சமாளித்துவிடும். ஆனால், பேட்டரி டெர்மினலிலும் பாடியோடு இணையும் எர்த் ஒயரிலும் பச்சை பூத்திருந்தால்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செல்ஃப் இழுக்கும் மின்சாரம் 150 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஓம் அளவில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலே 1.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட்டில் 1.5 என்பது பெரிய நஷ்டம். காலையில் குளிர்ந்த செல்ஃப் இதைப் பொறுத்துக்கொள்ளும், மதியம் சூடான செல்ஃப் பொறுக்காது.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலை ஒட்டி வண்டி நிறுத்துபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்று, பேட்டரி டெர்மினலையும் எர்த் ஒயரையும் சீக்கிரம் அரித்துவிடும். ஒயர் முனையைச் சுத்தம் செய்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுவதற்கு அதிகச் செலவில்லை. பேட்டரி மாற்றும் முன் செய்ய வேண்டியது இதுதான்.

கூடை இரண்டு: நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோல் வாசனை வருகிறது

அப்படியென்றால் உள்ளே பெட்ரோல் அதிகம். கார்புரேட்டர் வண்டியில் பொங்கி வழிந்திருக்கலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்ஜெக்டர் ஒழுகியிருக்கலாம். இல்லையென்றால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் பொய் சொல்லியிருக்கலாம். இந்தச் சென்சார்தான் இன்ஜின் எவ்வளவு சூடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அது கெட்டுப்போய், கொதிக்கும் இன்ஜினை ‘ஜில்’லென்று இருப்பதாகச் சொன்னால், கம்ப்யூட்டர் நம்பிவிடும். குளிர்காலக் காலைக்குக் கொடுப்பதுபோல் பெட்ரோலை அள்ளி ஊற்றும்.

இதற்குக் கைவைத்தியம் உண்டு. ஆக்ஸிலரேட்டரை அடித்து மிதிக்காமல், ஒரேயடியாகக் கடைசிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் காற்று நிறையப் போய், தேங்கிய பெட்ரோலை வெளியேற்றும். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்படி மிதித்தபடி செல்ஃப் அடித்தால் கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்திவிடும். இன்ஜின் பிடித்ததும் காலை எடுத்துவிட வேண்டும்.

கூடை மூன்று: நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோல் வாசனையே இல்லை

பெட்ரோல் வரவில்லை அல்லது அதற்கான உத்தரவே வரவில்லை. முதலில் சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்பி, செல்ஃப் அடிக்காமல் மூன்று நொடி காத்திருக்க வேண்டும். பின் சீட்டுக்கு அடியிலிருந்து பம்ப் ஓடும் மெல்லிய ‘உய்ய்ங்’ சத்தம் பல கார்களில் கேட்கும். அணைத்துவிட்டு இன்னும் இரண்டு முறை அப்படியே செய்தால் குழாயில் அழுத்தம் ஏறும், ஆவிக்குமிழிகள் அடங்கும். பிறகு செல்ஃப் அடித்தால் வண்டி பிடித்துக்கொண்டால், அழுத்தம் இறங்கும் நோய் என்று அர்த்தம்.

அதற்கும் மசியவில்லையென்றால் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல் போகும். இன்ஜின் சுற்றுகிறதா, எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்னப் பாகம் அது. அதிலிருந்து தகவல் வந்தால்தான் ஸ்பார்க்கும் வரும், பெட்ரோலும் வரும். வயதான சென்சாருக்குள் மெல்லிய ஒயரில் விரிசல் இருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துவிடும். ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான், ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும்போது வண்டி எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக் காட்டும். மெக்கானிக் “ஒண்ணும் இல்லையே சார்” என்பார். வண்டிக்காரர் முழிப்பார். இக்னிஷன் காயிலும் இதேபோல் சூட்டில் மட்டும் மக்கர் செய்யும்.

டீசல் வண்டிக்கு ஸ்பார்க்கும் கிடையாது, சோக்கும் கிடையாது. ஆனால், அதற்கும் இந்த நோய் வரும். சூடான டீசல் தண்ணீர்போல் இளகிவிடும். தேய்ந்துபோன பம்ப்பின் இடுக்குகள் வழியாக அது நழுவிவிடுவதால், சாவி போடும்போது வேண்டிய அழுத்தம் ஏறாது. பழைய ரோட்டரி பம்ப் வண்டிகளில் பம்ப்பின்மேல் ஈரத்துணி போட்டதும் கிளம்பினால், பம்ப் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக்குகள் முடிவுக்கு வருவார்கள். காமன் ரெயில் வண்டிகளில் இன்ஜெக்டர் வழியாக டீசல் அதிகமாகத் திரும்பிப் போகிறதா என்று அளந்து பார்ப்பார்கள்.

செய்யக் கூடாதவை

சூடான வண்டி கிளம்பாதபோது பதற்றத்தில் செய்யும் தவறுகள்தான் பெரிய ஆபத்து.

* ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் கூலன்ட் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், கொதித்து முகத்தில் பீறிடும். கையால் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்.

* சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. திடீரெனக் குளிர்ந்தால் உலோகம் விரிசல் விடலாம். ஈரத்துணி பெட்ரோல் பம்ப்புக்கும் குழாய்க்கும் மட்டும்தான்.

* பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு முறைக்கும் இடையே ஒரு நிமிடமாவது இடைவெளி வேண்டும். ஏற்கெனவே சூடான மோட்டாரை மேலும் சூடாக்கினால் அதுவும் போய்விடும், நல்ல பேட்டரியும் டவுன் ஆகிவிடும்.

* தள்ளி ஸ்டார்ட் செய்வது எல்லா வண்டிக்கும் ஒத்துவராது. ஆட்டோமேட்டிக் கார்களில் அது நடக்காது. புது கார்களில் எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போனால், அது சேதமாகலாம்.

* பெட்ரோல் வாசனை பலமாக வந்தால் பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

டிரெய்லர் ஓடும் சாலையில் வண்டியைவிட உயிர் முக்கியம். ஹசார்டு லைட் போட்டு, முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்து, வண்டிக்குள் இருப்பவர்களைச் சாலையை விட்டு நன்றாக விலகி நிழலில் உட்காரவைக்க வேண்டும். ஏ.சி நின்றுபோன கார், வெயிலில் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும். குழந்தைகளும் முதியவர்களும் அதைத் தாங்க மாட்டார்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற உதவி எண் இருக்கிறது.

வராமல் தடுக்க…

மலை ஏறிய பிறகோ, நெரிசலில் நீண்ட நேரம் ஊர்ந்த பிறகோ சட்டென்று அணைக்காமல், ஏ.சி-யை நிறுத்திவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் இன்ஜினை ஐடிலில் ஓடவிடலாம். கூலன்ட் சுற்றிச் சூட்டை வெளியே கொண்டுபோகும். டர்போ வண்டிகளுக்கு இது இன்னும் நல்லது. ஏனென்றால், தகிக்கும் டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் கருகிவிடும்.

கூலன்ட் அளவை மாதம் ஒருமுறை, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். பெட்ரோல் குழாயைச் சுற்றியிருக்கும் வெப்பத் தடுப்பு உறை, எக்ஸாஸ்ட் பக்கத்துத் தகடு போன்றவற்றை, ‘இது எதுக்கு’ என்று கழற்றிப் போட்டுவிடக் கூடாது. அவை அங்கே இருப்பதே இதற்காகத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்களை போனில் குறித்து வைப்பது: எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் நிறுத்தியிருந்தது, செல்ஃப் எப்படிச் சுற்றியது, பெட்ரோல் வாசனை வந்ததா. ‘செக் இன்ஜின்’ லைட் எரிந்தால் அதையும் படம் எடுத்து வைக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் ஆறிப்போய் நல்ல பிள்ளையாக நிற்கும் வண்டி எதையும் சொல்லாது. இந்தக் குறிப்புதான் சொல்லும்.

வல்லூரில் மெக்கானிக், பேட்டரியைத் தொடவே இல்லை. சாவியை ஆன் செய்து பம்ப் சத்தத்தைக் கேட்டார், அது ஓடியது. பிறகு இன்ஜினுக்குக் கீழே கையை நீட்டி, நனைத்துப் பிழிந்த துணி ஒன்றைக் கிராங்க் சென்சார் மேல் வைத்தார்.

“அம்மா, நீங்க வந்து கடைக்குள்ள ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. அஞ்சு நிமிஷம்.”

“வண்டி வந்துடுமா தம்பி?”

“வந்துடும்மா. ஜுரத்துக்கு நெத்தியில துணி போடுற மாதிரிதான்.”

ஐந்து நிமிடம், பத்து நிமிடமானது. அம்மா மோரைக் குடித்து முடிப்பதற்குள் சாவியைத் திருப்பச் சொன்னார். ஒரே திருப்பு. வண்டி எதுவுமே நடக்காததுபோல் கிளம்பியது.

“அணைக்காம நேரா வீட்டுக்குப் போங்க சார். நாளைக்கு வந்து சென்சார மாத்திக்கலாம். வழியில நின்னுட்டா போன் பண்ணுங்க. அப்புறம், யாரு சொன்னாலும் பேட்டரி மாத்திடாதீங்க!”

பின் சீட்டில் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அம்மா சொன்னார்: “அன்னிக்கே இந்தத் தம்பிகிட்ட வந்திருக்கலாம்.”